ஒரு சாண் நிக்கட்டும்

கொன்னைவயலில் ஒருவன் குற்றம் செய்துவிட்டால் போலீசும் கோர்ட்டும் அப்புறந்தான். முதலில் அய்யனார் கோயில் பொட்டலில் ஊர் கூடும். குற்றம் செய்தவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெஞ்சும் நெற்றியும் மண்ணில் பட விழ வேண்டும். யாருக்குக் கெடுதல் நடந்ததோ அவர் தம் வாயால் "எந்திரி" என்று சொல்ல வேண்டும். சொல்லி எழுந்துவிட்டால் அதோடு முடிந்தது. அந்தப் பேச்சை அப்புறம் எவனும் எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு எடுத்தாலும் அபராதம் உண்டு. கருத்தையாவின் காளை முட்டிப் பொன்னுத்தாயிக்குக் கால் ஒடிந்தபோது கருத்தையா இப்படித்தான் விழுந்தான். "எந்திரிடா, மாட்டுக்கு என்ன தெரியும், உனக்குத்தான் என்ன தெரியும்" என்றாள் பொன்னுத்தாயி. ஊரே சிரித்துவிட்டது. மறுநாள் அவன் வீட்டு மோரை வாங்கி இவள் வீட்டில் குடித்தார்கள்.

எந்திரி என்று சொல்ல மனம் வராவிட்டால்? அதற்கும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். விழுந்தவன் தானாக எழுந்து வீட்டுக்குப் போகலாம், சோறு தின்னலாம், வயலுக்குப் போகலாம். ஆனால் காலில் செருப்பு ஏறக் கூடாது, தோளில் துண்டு ஏறக் கூடாது. ஊர்க் கணக்கில் அவன் இன்னும் விழுந்து கிடப்பவன்தான். அப்படி ஒரு ஆளை அந்த ஊர் கண்டதே இல்லை, முத்தரசுக்கு அந்த நிலை வரும்வரை. அவரை அப்படிக் கிடத்தியது எதிராளியும் இல்லை, பங்காளியும் இல்லை. அவர் பெண்டாட்டி ஈஸ்வரிதான்.

நடந்தது இதுதான். மழையை வேண்டாம் என்று சொல்கிற வாய் சிவகங்கைச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. அதிலும் அந்த வருஷத்துக்கு முன்னால் தொடர்ந்து வறட்சி, கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகக் கரையில் ஓரிடத்தில் கல்லால் தாழக் கட்டியிருப்பார்கள், அதுதான் கலுங்கு. அதன் மேல் மணல் மூட்டையை அடுக்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதிகாரிகள் வேண்டாம் என்பார்கள், ஊர் கேட்காது, பாட்டன் காலத்துப் பழக்கம். கண்மாய் பார்க்கும் முறை வீட்டுக்கு வீடு மாறி வரும். அந்த வருஷம் முத்தரசு வீட்டு முறை. ஊர் கூடிச் சொன்னது, அவர் அடுக்கினார்.

மார்கழியில் வந்தது பாருங்கள் ஒரு மழை. ஒரு பருவத்துக்குப் பெய்ய வேண்டியதை ஒரே நாளில் கொட்டியது. சாயங்காலம் கலுங்கில் நின்று பார்த்த முத்தரசு மூட்டையில் கை வைத்தார். "மூட்டையத் தள்ளி விட்டுர்றேன் மாமா" என்றார். ஊர்த் தலைவர் சேவுகப்பெருமாள், அம்பலம் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள், குடைக்கடியில் நின்று தண்ணீரையே பார்த்தார். அத்தனை தண்ணீரைக் கண்டு எத்தனை காலம் ஆயிற்று. "இரு மாப்ள. இன்னும் ஒரு சாண் நிக்கட்டும். ரெண்டாம் போகத்துக்கு ஆகும்ல" என்றார். கூட நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். முத்தரசுக்கும் அங்கே வயல் இருந்தது. அவரும் இன்னொரு தரம் தண்ணீரைப் பார்த்தார். சரி என்று மூட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

விடியும்போது கரை உடைந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது, தொழுவத்தில் கட்டிக் கிடந்த கன்று கத்தியது. அவர்களுக்கு ஒரே பெண், சத்தியப்பிரியா, காரைக்குடியில் காலேஜில் முதல் வருஷம். கன்றை அவிழ்த்துவிட ஓடினாள். "வேணாம்டி, வேணாம்டி" என்று ஈஸ்வரி வாசலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கன்று நீந்திக் கரையேறிவிட்டது. பிள்ளையை மத்தியானம் கருவேல முள்ளுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். சொன்னவன் யாரோ, பிள்ளையைப் பறிகொடுத்தவன் இல்லை. சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் ஈஸ்வரியின் உயிர் போயிருந்தது.

காரியம் முடிந்த அன்று, யாரும் கூப்பிடாமல், முத்தரசு தானாகப் பொட்டலுக்குப் போய் விழுந்தார். ஊர் திகைத்துப் போனது. ஒரு சாண் நிக்கட்டும் என்று சொன்ன அம்பலத்துக்கு முகம் செத்துவிட்டது, ஆனாலும் அவர் விழவில்லை. கூட ஆமாம் போட்டவர்களும் விழவில்லை. கை வைத்தது முத்தரசுதானே என்று ஊர் வாய் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அம்பலம் ஈஸ்வரியைத்தான் பார்த்தார். "தாயி, நீதான் சொல்லணும்."

ஈஸ்வரி வாயைத் திறந்தாள். வரவில்லை. திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

கோபத்தால் சொல்லவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோபமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கோபம் முதல் வருஷத்தோடு ஆறிவிட்டது. அப்புறம் அவளைத் தடுத்தது வேறு. எந்திரி என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சை ஊரில் யாரும் எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு என்றால் யார் பேச்சு? சத்தியப்பிரியாவின் பேச்சுத்தானே. ஒரு வார்த்தையில் புருஷனைத் தூக்கிவிடலாம், அதே வார்த்தையில் பிள்ளையை இன்னொரு தரம் புதைக்க வேண்டும். எந்தத் தாய் செய்வாள்?

ஆனால் அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்க்கவும் அவளுக்கு முடியவில்லை. சித்திரை வெயிலில் செம்மண் பொட்டலில் வெறுங்காலோடு போவார். பாதம் பாளம் பாளமாக வெடித்தது. கட்டிலில் படுப்பதில்லை, வெறுந்தரையில் குப்புறப் படுப்பார். வானம் லேசாகக் கறுத்தாலும் போதும், கையிலிருக்கும் சோற்றைப் போட்டுவிட்டுக் கலுங்குக்கு ஓடுவார். கலுங்கில் இப்போது ஒரு மூட்டையும் கிடையாது. கரையைக் கட்டியபோதே ஊர் அதை விட்டுவிட்டது. அவருக்கும் அது தெரியும். இருந்தாலும் ஓடிப்போய்க் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்வேதா வந்தாள். பக்கத்துப் பள்ளத்தூர்ப் பிள்ளை, சென்னையில் சுற்றுச்சூழலுக்காக வேலை பார்க்கும் ஒரு அமைப்பில் இருந்தாள். வெள்ளத்தில் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். ஈஸ்வரி வீட்டில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அந்த மழை சும்மா வந்த மழை இல்லக்கா. கடல் சூடாகிப் போயிருக்கு. சூடான கடல்ல இருந்து நெறைய ஈரம் மேல போகுது, அது ஒரே இடத்துல மொத்தமாக் கொட்டுது. பெரிய பெரிய நாடுக நூறு வருஷத்துக்கு மேல கரியும் எண்ணெயும் எரிச்ச புகைதான் காரணம்."

"நாங்க என்னத்தம்மா எரிச்சோம்? வெறகும், அவுக மொபட்டுக்குப் பெட்ரோலும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப குத்தம் அந்த நாட்டுக்காரவுகளோடதா?"

"பெரும்பங்கு அவங்களோடதுதான்."

ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். முத்தரசு தொழுவத்தில் கன்றுக்கு, இப்போது அது மாடாகிவிட்டது, வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூட்டை இல்லாட்டிக் கரை நின்னுருக்குமா?"

நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. "நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். எவ்வளவு பேசினாலும் அதை மட்டும் யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

உலக நாடுகள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தரம் கூடிப் பேசும் என்றும், பாதிக்கப்பட்டவர்களும் அங்கே பேசலாம் என்றும், நீங்கள் வருகிறீர்களா என்றும் கேட்டாள். ஈஸ்வரிக்கு அது நேராக விளங்கியது. பெரிய பஞ்சாயத்து. குற்றம் செய்தவர்கள், கெடுதல் பட்டவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுகிற இடம். அங்கே ஒரு பெரிய ஆள் விழுந்தால் போதும், முத்தரசின் குற்றம் பங்கு பிரிந்து சிறுத்துவிடும், அவருக்குப் பதில் அந்த ஆள் கிடப்பான். விழுந்தவன் வேற்று ஆளாக இருந்தால் எந்திரி என்று சொல்லாமலும் இருக்கலாம். பிள்ளையின் பேச்சும் அற்றுப்போகாது, இந்த மனிதர் காலிலும் செருப்பு ஏறும். இந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊருக்கு ஒரே பெருமை. அம்பலம்கூட வீடு தேடி வந்தார். "உலகப் பஞ்சாயத்துக்கே நம்ம ஊரு ஆளு போகுது. விழுகுறதுக்கு அங்க பொட்டல் இருக்குமா தாயி?" என்று சிரித்தார். சிரித்த பிறகு முத்தரசு நிற்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புறப்படும் அன்று முத்தரசு புதுவயல் பஸ் ஸ்டாப் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரிசி ஆலை லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. தார் ரோடு கொதித்தது. அவர் ஓரத்துப் புல் மேல் நின்றார்.

"என்னத்தப் போயிக் கேப்ப?" என்றார்.

"யாரு விழுகப் போறீகன்னு கேப்பேன்."

பஸ் வந்ததும் பெட்டியை ஏற்றிவிட்டு, "குளுருமாம். கம்பளியப் போத்திக்க" என்றார்.

அந்த ஊர் எந்த ஊர் என்று ஈஸ்வரிக்குச் சொல்லத் தெரியாது. வெளியே வெயிலா பனியா என்றுகூடச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தவர்கள் கட்டடத்துக்குள்ளேயே திரிந்தார்கள். எல்லோர் கழுத்திலும் அட்டை. எல்லோரும் எங்கேயோ போகிற அவசரத்தில் நடந்தார்கள். அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிஷம். பிள்ளையைப் பெற்று வளர்த்துப் படிக்கப் போட்டு வாரிக்கொடுத்ததை மூன்று நிமிஷத்தில் சொல்ல வேண்டுமாம். சொன்னாள். மூட்டையையும் சொன்னாள், ஒளிக்கவில்லை. ஸ்வேதா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள்.

முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள்.

ஈஸ்வரி ஊரில் சாவைச் சொன்னால் பெண்கள் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுவார்கள், ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கை தட்டி அவள் பார்த்ததில்லை. மரியாதைக்குத் தட்டுகிறார்கள் என்று ஸ்வேதா சொன்ன பிறகுதான் மேடையை விட்டு இறங்கினாள்.

கீழே ஒரு மனிதர் காத்திருந்தார். நரைத்த தலை, நல்ல முகம். பெரிய நாடு ஒன்றின் சார்பில் பேச வந்தவர் என்று ஸ்வேதா காதில் சொன்னாள். அவர் ஈஸ்வரியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாளாம், சத்தியப்பிரியா வயதுதானாம். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை, பெற்ற வயிற்றுக்கு அது தெரியும்.

ஈஸ்வரி அவர் முழங்காலைப் பார்த்தாள். இப்போது மடங்கும் என்று பார்த்தாள். மடங்கினால் அந்தக் கம்பளத் தரையில் எவ்வளவு நேரமானாலும் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாள். அவர் கையை விட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

"அவர் விழுக மாட்டாரா?" என்று கேட்டாள். ஸ்வேதாவுக்கு அந்த வழக்கம் தெரியும். பள்ளத்தூரிலும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

"அவரால முடியாதுக்கா. வெள்ளத்துல போனதுக்கெல்லாம் பணம் போடுவாங்க, அதுவும் கொஞ்சமா, உதவின்னு சொல்லிப் போடுவாங்க. ஆனா இது எங்க குத்தம்னு ஒத்துக்க மாட்டாங்க. குத்தம்னு வரக் கூடாதுன்னு முன்னாடியே எல்லா நாடும் உக்காந்து எழுதி வச்சாச்சு."

"எல்லாரும் ஒத்துக்கிட்டா எழுதுனாக?"

"ஒத்துக்கலைன்னா அவங்க கையெழுத்தே போட மாட்டோம்னாங்க. நம்ம மாதிரி நாடுகளும் வேற வழியில்லாம ஒத்துக்கிச்சுக."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊரில் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். அதன் முழு நீளத்தையும் ஈஸ்வரி அன்றைக்குத்தான் பார்த்தாள். சாயங்காலம் வரை பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாடுகளின் பெயர்ப் பலகைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவராகப் பேசினார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. இத்தனை பேர் சேர்ந்து கடலையே சூடாக்கியிருக்கிறார்கள். ஒருத்தர் நெற்றியிலும் மண் இல்லை. இந்த உலகத்தில் சத்தியப்பிரியாவுக்காக விழுந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளையும் எழ விடாமல் போட்டு வைத்திருக்கிறது நான்தான். அந்த இடத்தில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டார்.

அன்றைக்குப் போனில் முத்தரசு, "கேட்டியா?" என்றார்.

"வந்து சொல்றேன்" என்றாள். போனில் சொல்கிற வார்த்தை இல்லை அது.

ஊருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை பேச்சை ஊர் பேசாவிட்டால் போகட்டும். நானும் அவரும் பேசிக்கொள்வோம், வீட்டுக்குள் பேச எந்த அம்பலம் அபராதம் போடுவான்? இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாமல் போனதே பாவி மகளுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக் கடையில் நுழைந்து ஆண் செருப்பு ஒரு ஜோடி கேட்டாள். கடைக்காரன் அளவு கேட்டான். எட்டு என்றாள். எடுத்து வைத்த பிறகு, வேண்டாம், ஒன்பது கொடு என்றாள். வெறுங்காலில் நடந்து நடந்து அவர் பாதம் பரந்து போயிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேரே அம்பலத்திடம் போய் ஊரைக் கூட்டச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாமே தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டார். வெயில் சாய்ந்த நேரம், பொட்டல் நிறைந்துவிட்டது. முத்தரசு வந்தார். பெண்டாட்டி கையிலிருந்த செருப்புப் பெட்டியைப் பார்த்தார். அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தார்.

ஈஸ்வரிக்கு அவர் உள்ளங்கால்தான் தெரிந்தது. வெடிப்புக்குள்ளெல்லாம் செம்மண் ஏறியிருந்தது.

"எந்திரிங்க" என்றாள்.

குரல் கம்மிப்போய் வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னாள். "நான் சொல்றேன், எந்திரிங்க."

ஊருக்கே மூச்சு வந்தது. அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் ஏதோ இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் முத்தரசு அசையவில்லை.

"அதான் சொல்லிருச்சுல மாப்ள. எந்திரி."

மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இவ சொல்லிட்டா மாமா. செத்தது இவ இல்லையே. பிள்ளையில்ல சொல்லணும்."

என்ன சொல்வது? வழக்கம் அதுதான். கெடுதல் யாருக்கு நடந்ததோ அவர் வாயால்தான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஊர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, அவர் ஒருத்தர் மட்டும் யோசித்துக்கொண்டே வெறுங்காலில் நடந்திருக்கிறார்.

ஈஸ்வரி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள். "அவ இருந்தா மொத ஆளா ஓடியாந்து சொல்லியிருப்பா. உங்க கால்ல முள்ளுக் குத்துனாலே அழுகுற பிள்ள. சொல்லியிருக்க மாட்டாளா? நீங்களே சொல்லுங்க."

"சொல்லியிருப்பா" என்றார் முத்தரசு. முதுகு குலுங்கியது. "சொல்லியிருப்பாடி. அதாண்டி தாங்க முடியல."

அவள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கூட்டமும் கலையவில்லை. அம்பலம் சேவுகப்பெருமாள் தம் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

அப்போது கிழக்கே இருந்து ஈரக்காற்று ஒன்று வந்தது. யாரோ தலையைத் தூக்கினார்கள். மேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு பொட்டலில் விழுந்து புழுதியைக் கிளப்பியது. அடுத்த சொட்டு முத்தரசின் பிடரியில் விழுந்தது.

அவர் எழுந்தார். கையை ஊன்றி விறுவிறுவென்று எழுந்தார். நெற்றியிலும் நெஞ்சிலும் மண் ஒட்டியிருந்தது, தட்டவில்லை. ஈஸ்வரியைப் பார்க்கவில்லை, அம்பலத்தைப் பார்க்கவில்லை, வானத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடினார்.

"மாப்ள, அங்கிட்டு ஒண்ணும் இல்ல மாப்ள. மூட்டையெல்லாம் எடுத்தாச்சு" என்று அம்பலம் பின்னாலேயே கூப்பிட்டார். அவர் காதில் அது விழவில்லை. கரை மேட்டில் வெறுங்காலோடு ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டார்.

மழை வலுத்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். ஈஸ்வரி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். செருப்புப் பெட்டியின் அட்டை நனைந்து ஊற ஆரம்பித்தது. அவள் அதை எடுத்து முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.